வசவுக்குக் காத்திருந்த யாந்தே

என் சக்களத்தி யாந்தேயைப் பத்தி என்னையே சொல்லச் சொல்றீங்க. சரி, சொல்றேன். ஆனா நல்லதா மட்டும் சொல்வேன்னு எதிர்பார்க்காதீங்க. ஒரே முற்றத்துல, ஒரே புருஷனுக்கு, ஒரே அடுப்புல முறை போட்டு சமைச்சவங்க நாங்க. அவ குறட்டையும் எனக்குத் தெரியும், அவ சொல்ற பொய்யும் எனக்குத் தெரியும்.

யாந்தேக்கு உட்காரத் தெரியாது. அதைத்தான் முதல்ல சொல்லணும். மத்தியானம் பெரிய தட்டைச் சுத்தி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தா, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு எழுந்துடுவா. ஆட்டுக்குத் தண்ணி வைக்கணும்பா, வாசல்ல யாரோ கூப்பிட்டாங்கம்பா. யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. நான் புதுசா இந்த வீட்டுக்கு வந்தப்போ, என் மூஞ்சியப் பார்க்கப் பிடிக்காமத்தான் எழுந்து எழுந்து போறான்னு நெனச்சு ராத்திரியெல்லாம் அழுதேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, சின்ன வயசுலயே அவ அப்படித்தானாம். கம்பங்கொல்லையில களையெடுக்க விட்டா பாதியில காணாம போயிடுவாளாம். தேடிப் போனா, ரோட்டோரம் நின்னு போற வர்ற வண்டிய வேடிக்கை பார்த்துக்கிட்டு இருப்பாளாம். "இவளை எவனுக்கும் குடுக்க வேண்டாம், இந்த ரோட்டுக்கே கட்டி வெச்சுடலாம்"னு அவங்கப்பா தலையில அடிச்சுப்பாராம்.

கிட்டத்தட்ட அப்படித்தான் ஆச்சு. எங்க புருஷன் லாத்தீரைக் கட்டிக்கிட்டு ஃபாத்திக் ஊருக்கு வந்தவ, வந்த சூட்டோட வண்டி ஸ்டாண்டுல அடுப்பைப் போட்டுட்டா. காலையில அக்கரா சுடுவா, அதாங்க, தட்டப்பயறு வடை. ரொட்டிய நடுவுல பொளந்து வடைய வெச்சு, மேல வெங்காய மிளகாய்க் குழம்பை ஊத்தித் தருவா. வாங்க வர்றவங்க வரட்டும்னு காத்திருக்க மாட்டா. டக்கார் வண்டி, காவோலாக் வண்டி எது கிளம்பினாலும் கூடையோட ஜன்னல் ஜன்னலா ஓடுவா. ஸ்டாண்டு முழுக்க அவ குரல்தான்.

அந்த ஸ்டாண்டுலதான் அன்சுமானா ஜாத்தா வேன் ஓட்டினான். தெக்கே காசமான்ஸ்ல இருந்து வந்தவன், ஜோலாக்காரன். என் புருஷன் வீட்டாரும் யாந்தேயும் செரேர்க்காரங்க. செரேரும் ஜோலாவும் ஒரு வயித்துப் பிள்ளைங்கன்னு சொல்வாங்க. அக்கா தங்கச்சி ரெண்டு பேர் ஒரே படகுல வந்தாங்களாம். சங்கோமார் முனையில கடல் படகை ரெண்டாப் பொளந்துடுச்சாம். வடக்கே கரையேறினவ பிள்ளைங்க செரேர், தெக்கே போனவ பிள்ளைங்க ஜோலா. இவங்களுக்குக் கம்பு, அவங்களுக்கு அரிசி. அதனால ரெண்டு பேருக்கும் கேலி முறை. ஒருத்தரை ஒருத்தர் அடிமைன்னு கூப்பிடலாம், திருடன்னு சொல்லலாம், சோத்துக்குச் செத்தவன்னு சந்தியில நிக்க வெச்சு ஏசலாம். கோவிச்சுக்கக் கூடாது. ஒருத்தர் கேட்டா இன்னொருத்தர் இல்லேன்னு சொல்லக் கூடாது. ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தர் சிந்தவே கூடாது.

நான் செயின்ட் லூயிக்காரி, வோலோஃப் இனம். எங்க பக்கமும் குடும்பப் பேரை வெச்சுக் கேலி பண்றது உண்டு. ஆனா இந்த அளவுக்கு இல்லீங்க, ஒரு மட்டு மரியாதை இருக்கும். நான் கல்யாணமாகி வந்த வாரம் வாசல்ல ஒரு வேன் வந்து நின்னுச்சு. உள்ளேயிருந்து ஒருத்தன், "டேய் லாத்தீர்! என் அடிமைப் பயலே! எசமான் வந்திருக்கேன், குடிக்கத் தண்ணி கொண்டாடா!"ன்னு கத்தறான். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. கம்பு குத்திக்கிட்டு இருந்த உலக்கையோட வெளிய ஓடினேன். என் புருஷன் பாயில உருண்டு உருண்டு சிரிக்கிறார். யாந்தேதான் வந்து உலக்கையப் புடுங்கினா.

"அடியே, அது நம்ம அன்சுமானாடி. முறைக்காரன் திட்டாம ஊர்ல வேற எவன் திட்டுவான்?"

அவளும் அவனும் காலையில ஸ்டாண்டுல பேசிக்கிறதைக் கேட்கவே சில பேர் வடை வாங்க வருவாங்க.

"ஏய் கம்பு தின்னி! இன்னிக்கு வடையில பயறு போட்டியா, இல்ல ரோட்டு மண்ணா?"

"மண்ணுதான்டா. அடிமைக்கு வேற என்ன போடுவாங்க? நேத்து சோறு வெந்துச்சான்னு பார்க்கப் பானைக்குள்ள தலைய விட்டு மாட்டிக்கிட்டியாமே?"

"ஆமா. உள்ள இருந்த வரைக்கும் உன் மூஞ்சி தெரியல. என்ன நிம்மதி தெரியுமா!"

இது விளையாட்டு மட்டும் இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது யாந்தேயோட அம்மா செத்தப்போ. பொணத்தைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்தா, அன்சுமானா வாசப்படியில குறுக்க மல்லாந்து படுத்துக்கிட்டான். "என் அடிமைக் கிழவிய என்னைக் கேக்காம எங்கடா தூக்கிட்டுப் போறீங்க? எனக்கு வடிச்சுக் கொட்ட இனிமே யாரு? இந்த யாந்தேயா? இவ கைச்சோத்தை நாய் மோந்து பார்க்குமா?" அழுதுக்கிட்டு இருந்த கூட்டம் குப்புனு சிரிச்சுடுச்சு. யாந்தேயும் மூக்கு ஒழுகச் சிரிச்சா. அப்புறம் ஒரு ஓரமா நின்னு என்கிட்ட சொன்னா, "இவன் மட்டும் வரலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும்டி." எங்க வீட்டுல எந்தச் சாவு விழுந்தாலும் அவன் வருவான், வாய்க்கு வந்ததைச் சொல்வான், எல்லாரும் சிரிச்சு முடிச்சு அப்புறம்தான் மூச்சு விடுவோம்.

போன வருஷம் மழைக்கு முன்னால, அனல் காத்து அடிக்கிற மாசத்துல, எங்க லாத்தீர் செத்துட்டார்.

கடலைக்காய் வியாபாரம் அவருக்கு. காவோலாக் சந்தைக்குப் போனா திரும்புறது அன்சுமானா வண்டியிலதான். டிரைவருக்கு நேர் பின் சீட்டுல உட்கார்ந்துப்பார். அப்பதான் அவன் காதுக்குள்ளயே திட்டிக்கிட்டு வர முடியும். அன்னிக்கு வேன் ஒரு குதிரை வண்டியில மோதாம இருக்கத் திரும்பி, ரோட்டோரப் புளியமரத்துல மோதிடுச்சு. மத்தவங்களுக்கெல்லாம் அடி, காயம். அன்சுமானாவுக்குக் கை ஒடிஞ்சுது. செத்தது எங்க வீட்டு மனுஷன் ஒருத்தர்தான்.

என் நிலைமைய நெனச்சுப் பாருங்க. எனக்கு அவன் ஜெயிலுக்குப் போகணும். வேற எதுவும் வேண்டாம். லாத்தீரோட கூடப்பிறந்தவர் ஜேகான்கிட்ட, புகார் குடுங்கன்னு சொன்னேன். அவர் காதைப் பொத்திக்கிட்டார்.

"ஜோலாக்காரன் மேல செரேர்க்காரன் கேஸ் போட்டதா எங்கயாவது உண்டா? என்ன பேசுற ஆராம்!"

"முறை உங்களுக்குத்தான். எனக்கு என்ன முறை? நான் செயின்ட் லூயிக்காரி. இத்தா முடியட்டும், நானே போய்க் குடுக்கிறேன்."

இத்தாதான் என்னைக் கட்டிப் போட்டுச்சு. புருஷன் போனவ அந்த நாலு மாசம் சொச்சம் வாசப்படி தாண்டக் கூடாதே. நானாவது பாயில கிடந்தேன். யாந்தே இருக்காளே! அவளை ஒரு முற்றத்துக்குள்ள அடைச்சு வெச்சா என்ன ஆகும்? குழாயில இருந்து கேட்டுக்கு, கேட்டுல இருந்து ஆட்டுக் கொட்டாய்க்கு, திரும்பக் குழாய்க்கு. துக்கத்துக்குக் கட்டின வெள்ளை முக்காடு தோள்ல நழுவி நழுவி விழும். ரோட்டுல எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நின்னுடுவா.

"உட்காருக்கா. என் தலை சுத்துது."

"அவன் வருவான்டி."

"எவன்?"

"அன்சுமானா. வந்து திட்டுவான். திட்டாம எப்படி?"

"கொன்னவன் வந்து கேலி பேசணுமா? உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"நீ சும்மா இரு. உனக்குத் தெரியாது."

வந்தவங்க எல்லாரும் எங்களுக்கு மரியாதை குடுத்தாங்க. அதான் கொடுமை. ஸ்டாண்டுல அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட டிரைவருங்க எல்லாம் தொப்பியக் கழட்டிட்டு வந்து, "யாந்தே அம்மா, அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையத் தரட்டும்"னு மெல்லப் பேசினாங்க. ஒவ்வொரு "உங்களுக்கு"க்கும் அவ மூஞ்சி சுருங்கும். தெருக்கோடி தையக்காரர் தூக்குலோர் இனம். அவங்களுக்கும் செரேருக்கும் கேலி முறை உண்டு. பாவம், அவரும் வந்து லாத்தீர் மாதிரி வயித்தைத் தள்ளிக்கிட்டு நடந்து காட்டினார். எல்லாரும் சிரிச்சாங்க. யாந்தே கேட்டுப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தா.

எட்டாம் நாள் ஓதலும் முடிஞ்சு போச்சு. அவன் வரல. ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டானாம், போலீஸ் கேட்டதுக்கெல்லாம் "தப்பு என்னுதுதான்"னு ஒரே பதிலாம், ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற ரூம்ல யார்கூடயும் பேசாம கிடக்கிறானாம். யாந்தே ஆள் மேல ஆள் சொல்லி அனுப்பினா. போன் போட்டா. அவன் எடுக்கல.

"நாப்பதுக்குள்ள வரலேன்னா, லாத்தீரோட சேர்த்து எங்களையும் புதைச்சுட்டான்னு அர்த்தம்"னா. "அப்புறம் அவன் எங்களுக்கு யாரோ, நாங்க அவனுக்கு யாரோ. இந்த வீட்டுல இனிமே எவனும் என்னை அடிமைன்னு கூப்பிட மாட்டான்." எனக்கு அவ மேல இரக்கமும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. எது பெருசுன்னு இன்னிக்கும் சொல்லத் தெரியல.

நாப்பதாம் நாள் குர்ஆன் ஓதி முடிச்சாச்சு. தயிர் ஊத்தின கம்பங்கூழை எல்லாரும் குடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. சாயங்கால அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லியாச்சு. வாசல்ல யாரும் இல்ல. யாந்தே குழாய்ல இருந்து கேட்டுக்கு நடந்தா. இந்த வாட்டி திரும்பல. கேட்டைத் திறந்தா, போயிட்டா.

"அய்யோ அக்கா! இத்தாவுல இருக்கோம்! ஊர் காறித் துப்பும்!"

யார் காதுல விழுது? நானும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கிட்டுப் பின்னாலயே ஓடினேன். அவளைத் திருப்பிக் கூட்டிட்டு வரத்தான் ஓடினேன், சத்தியமா. ஆனா பாதி வழியில வேற நெனப்பு வந்துடுச்சு. அவனை நானும் ஒரு தடவை நேர்ல பார்க்கணும், பார்த்து நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும். அதுக்கப்புறம் நான் அவளைத் தடுக்கல.

வெள்ளைத் துணியில ரெண்டு பொம்பளைங்க ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்சதும் கூவிக்கூவி ஆள் ஏத்துறவன் எல்லாம் வாய மூடிட்டான். ஒரு கிழவர் தலையக் குனிஞ்சுக்கிட்டார். யாந்தே அடுப்பு போடுற இடத்துல வேற யாரோ பழம் வித்துக்கிட்டு இருந்தாங்க. அதைக்கூட அவ பார்க்கல.

ரூம் கதவு திறந்துதான் இருந்துச்சு. அன்சுமானா தரையில உட்கார்ந்திருந்தான். ஒடிஞ்ச கையத் துணியில தொங்கவிட்டிருந்தான். ஆளே பாதியாப் போயிட்டான். எங்களைப் பார்த்ததும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தான்.

"வாங்க யாந்தே அம்மா. உட்காருங்க."

அவ்வளவுதான். யாந்தேக்குப் பேய் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

"யாருடா அம்மா? யாரைப் பார்த்துடா வாங்கங்கிற? லாத்தீர் செத்தா நானும் செத்துட்டேனா? நாப்பது நாளா வாசலப் பார்த்துப் பார்த்து என் கண்ணு பூத்துப் போச்சு. வந்து ஒரு வார்த்தை திட்டிட்டுப் போக உனக்கு என்னடா கேடு, அடிமை நாயே!"

அவன் தலையே நிமிரல. "என்னால முடியாதும்மா. இந்த வாயாலதான் அவர் போனார்."

"என்ன உளர்ற?"

"போலீஸ்ல கூட நான் முழுசாச் சொல்லல." சுவத்துல சாஞ்சுக்கிட்டான். "அன்னிக்குக் காவோலாக்ல கிளம்பினதுல இருந்து அவர் திட்டிக்கிட்டே வந்தார். நானும் குடுத்துக்கிட்டே வந்தேன். வண்டியே சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஃபாத்திக் நெருங்கும்போது லாத்தீர் சொல்றான், 'டேய் அரிசி தின்னி, நீ ஓட்டுற ஓட்டுக்கு நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள என் பொண்டாட்டிங்க ரெண்டு பேரும் வேற கல்யாணம் பண்ணிட்டுப் போயிடுவாளுங்கடா'ன்னு. எனக்கு நல்ல பதில் ஒண்ணு நாக்கு நுனியில வந்துடுச்சு. அவன் மூஞ்சியப் பார்த்துச் சொன்னாத்தானே நல்லா இருக்கும். திரும்பினேன். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள முன்னால குதிரை வண்டி."

ஒரு கேலிக்கா? ஒரு பதில் சொல்றதுக்கா என் புருஷன் செத்தார்? பிரேக் போச்சு, டயர் வெடிச்சுதுன்னு சொல்லியிருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும். கை ஓங்கிட்டேன், உண்மையச் சொல்றேன். அவன் நகரல. அடிக்கட்டும்னு நின்னான். யாந்தே என் கையப் பிடிச்சுக் கீழ இறக்கினா.

"என்ன பதில்?"னு கேட்டா.

"அம்மா..."

"நாக்கு நுனியில வந்துச்சுன்னியே. அது என்ன?"

"வேண்டாம். அதை நான் யார்கிட்டயும்..."

"சொல்லுடா. செரேர்க்காரி கேக்கிறேன். ஜோலாக்காரன் இல்லேன்னு சொல்லிடுவியா?"

அவன் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஸ்டாண்டுல இருந்து நாலஞ்சு பேர் கதவு ஓரமா வந்து நின்னுட்டாங்க. முறைக்காரி கேட்டாச்சு, தப்பிக்க வழி இல்ல. கண்ணை மூடிக்கிட்டு, பின் சீட்டுல லாத்தீர் இருக்கிற மாதிரி தோளுக்கு மேல தலையத் திருப்பிச் சொன்னான்.

"போகட்டும்டா அடிமை! ஆள் தேடி எங்க போகப் போறாளுங்க? அடிமை வீட்டுச் சாமானெல்லாம் எசமானுக்குத்தானே சொந்தம். ரெண்டு பேரையும் நானே கட்டிக்கிறேன். யாந்தேயாவது பரவாயில்ல, வடையத் தின்னு பொழைச்சுக்குவேன். அந்தச் செயின்ட் லூயிக்காரி பொங்குற மீன் சோத்தைத் தின்னுட்டு ஒரு மனுஷன் எத்தனை நாளுக்குடா உயிரோட இருப்பான்?"

கதவுகிட்ட நின்ன ஒருத்தர் "அஸ்தஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும்"ன்னார். இத்தாவுல இருக்கிற விதவைங்க முன்னால, புருஷனைக் கொன்னவன் சொல்ற பேச்சா இது?

யாந்தே சிரிக்கல. அவன் தலையத் திருப்பின பக்கம், அந்த வெத்துச் சுவத்தை, பார்த்துக்கிட்டே நின்னா. அவ எதுக்கு நிக்கிறான்னு எனக்குச் சட்டுனு புரிஞ்சுது. இது லாத்தீர் திருப்பிக் குடுக்க வேண்டிய நேரம். அந்த மனுஷன் ஒரு வசவைக்கூட பாக்கி வெச்சதே கிடையாது. அன்சுமானாவும் காத்துக்கிட்டு இருக்கான். சுவத்துல இருந்து எந்தச் சத்தமும் வரல.

அப்போதான் யாந்தே உட்கார்ந்தா. அப்படியே மண்தரையில பொத்துனு உட்கார்ந்து, முக்காட்டை வாயில அடைச்சுக்கிட்டு அழுதா. லாத்தீர் செத்ததுல இருந்து அவ அழுது நான் பார்க்கல. வீட்டுல அத்தனை பேர் அழுதப்பவும் அவ நடந்துக்கிட்டேதான் இருந்தா.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. செயின்ட் லூயிக்காரிகிட்ட மீன் சோத்தைப் பழிச்சா எந்தத் துக்கத்துலயும் சும்மா இருக்க முடியாதுங்க.

"என் சோத்தையாடா சொல்ற, திருட்டு அடிமை?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியல. "பானையில கருகி ஒட்டின அடிச்சோத்தைக் கூட நகத்தால சுரண்டித் தின்னவன்தானே நீ! ஆட்டுக்கு வெச்சிருந்த கழுநீரைக் குழம்புன்னு நெனச்சுக் குடிச்சுட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேட்டவன்தானே! உன்னைக் கட்டிக்கிறதுக்கு அந்த ஆட்டையே கட்டிக்கலாம், அதாவது தின்னுட்டு வாய மூடிக்கிட்டு இருக்கும்!"

அன்சுமானா கண்ணைத் திறந்தான். அவனுக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஆனா சிரிக்கத் தெரியாதவன் மாதிரி ஒரு விக்கல் எடுத்து, நல்லா இருக்கிற கையால மூஞ்சிய மூடிக்கிட்டான். போலீஸ்ல சொல்றதுக்குன்னு நான் சேர்த்து வெச்சிருந்த வார்த்தையெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. அதுக்காக இன்னிக்கும் எனக்கு என் மேல கோவம்தான்.

கீழ உட்கார்ந்திருந்த யாந்தே என் துணியப் பிடிச்சு இழுத்தா.

"நிறுத்தாதடி ஆராம்"னா. "இன்னும் திட்டு. அவர் பேசுற மாதிரியே இருக்கு."

நான் திட்டினேன்.